வழியவிட்ட அழகு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மையோ கோப்பையோ சூளைக்குப் போகும் முன் அதன்மேல் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு ஏறும். கரைசல் கெட்டியாகப் படிந்துவிட்டாலோ, சூளையின் சூடு ஒரு படி கூடிவிட்டாலோ அது உருகி வழியும். வழிந்தது அடிவிளிம்பைத் தாண்டினால் சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பெயர்த்தால் உடையும். அடிப்பக்கத்துக் கிளேஸை முன்கூட்டியே துடைத்துவிட்டு அடுக்குவது இதற்காகத்தான். பீங்கான்காரர் கணக்கில் வழிசல் என்றால் கழிவு.

அங்கிருந்து அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் பெண்ணாடத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனால், மேஜையில் நடுநாயகமாக வீற்றிருப்பது வழிசல்தான். கிரீம் பூசிய உயரமான கேக். அதன் தலையிலிருந்து சாக்லேட் விரல் விரலாக இறங்கி, ஒன்று நீளமாக, அடுத்தது குட்டையாக, பாதி வழியில் உறைந்து நிற்கும். ட்ரிப் கேக் என்று பெயர். பேக்கரியில் வாங்கியதாக இருக்கலாம். அடுத்த தெருப் பெண் தன் வீட்டு அடுப்படியில் செய்து கொடுத்ததாக இருப்பதும் இப்போது சகஜம்.

ஒரு தொழிலில் குறையாக இருப்பது இன்னொரு தொழிலில் அலங்காரமாக மாறியிருக்கிறது. இந்த அலங்காரத்தைப் புகழ்வோர் படத்தைப் பார்த்துப் புகழ்கிறார்கள். திட்டுவோர் சர்க்கரையைப் பார்த்துத் திட்டுகிறார்கள். இரண்டு கட்சியும் வழிசலைக் கூர்ந்து பார்ப்பதில்லை. ஒரு கிலோ கேக்கில் வழிசலின் பங்கு நூறு கிராம்தான் இருக்கும். ஆனால் செய்தவரின் கைப்பதம், பொருளின் தரம், ஊரின் வெயில் எல்லாமே அந்த நூறு கிராமில் தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

கேக் நமக்கு நேற்று வந்த பண்டம் இல்லை. 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி காட்டிய மாதிரியை வைத்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார். ஐரோப்பிய மதுவுக்குப் பதிலாக முந்திரிப்பழச் சாராயத்தையும் கதலிப்பழத்தையும் அவர் சேர்த்ததாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்த பண்டம் இந்த மண்ணில் நிலைத்த விதம் அது: வடிவம் அவர்களுடையது, ருசி நம்முடையது.

நம் சிற்றூர் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டியில் நெடுங்காலம் இருந்தவை தேங்காய் பன்னும், ஹனி கேக்கும், ரோஜாப்பூ வைத்த ஐஸ் கேக்கும். பிறகு ஃபாண்டன்ட் வந்தது. சர்க்கரையைப் பிசைந்து, சப்பாத்திபோல் தேய்த்து, கேக்குக்குச் சட்டை மாட்டும் வேலை. பார்க்கப் பளிங்காக இருக்கும். தின்னும்போது உரித்துத் தட்டோரம் வைத்துவிடுவார்கள். அந்த இறுக்கத்துக்கு மாற்றாக 2010-களின் நடுவில் வழிசல் கேக் உலகம் முழுக்கப் பரவியது. சிட்னியில் பள்ளி ஆசிரியையாக இருந்து கேக் கலைஞரான கேதரின் சபாத், இன்ஸ்டாகிராம் வழியாக இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பிறப்பிலிருந்தே இது கேமராவின் குழந்தை. அதன் பலத்தையும் பலவீனத்தையும் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பதம் தெரிந்த கை

வழிசலுக்கு ஊற்றுவது கனாஷ். கிரீமைப் பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டின்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கலக்க வேண்டும். கறுப்பு சாக்லேட் என்றால் சாக்லேட்டும் கிரீமும் ஏறக்குறையச் சம எடை. வெள்ளை சாக்லேட் இளகிய சுபாவம் கொண்டது. மூன்று பங்குக்கு ஒரு பங்கு கிரீம் போதும். கலவை முப்பது டிகிரி செல்சியஸை ஒட்டி, அதாவது விரல் வைத்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும்போது ஊற்ற வேண்டும். கேக் அதற்கு முன் அரைமணி நேரமாவது குளிர்பெட்டியில் இருந்திருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி முதலில், நடுவில் கடைசியில்.

சூடாக ஊற்றினால் கிரீமை உருக்கிக்கொண்டு அடி அட்டைவரை ஓடி, அங்கே குளம் கட்டும். ஆறிப்போய் ஊற்றினால் விளிம்பிலேயே குண்டு குண்டாய் நின்றுவிடும். குளிர்ந்த சுவரைத் தொட்டதும் கனாஷின் கொழுப்பு இறுகத் தொடங்கி, வேகம் குறைந்து, ஓரிடத்தில் நிற்கிறது. துளி எங்கே நிற்கும் என்பது ஊற்றும் அளவையும் இரண்டு சூடுகளின் இடைவெளியையும் பொறுத்தது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் முதல் துளியைக் கேக்கின் பின்பக்கத்தில் விட்டுப் பார்க்கிறார்கள்.

நம் வீட்டுச் சமையலறைக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதும், கம்பிப் பதம் வந்ததா என்று இரு விரலுக்கிடையே இழுத்துப் பார்ப்பதும் இதே வகை அறிவு. பாகில் சோதிப்பது சர்க்கரையின் செறிவை. கனாஷில் சோதிப்பது கொழுப்பின் சூட்டை. பொருள் வேறு, பொறுமை ஒன்று. கேக் வகுப்புக்குப் போகாத பெண்கள்கூட இந்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதன் ரகசியம் இங்கே இருக்கிறது. மாமியாரின் பாகுப் பதம் மருமகளின் கனாஷுக்கு உதவுகிறது.

வழிசலின் முதல் பலம் இந்த எட்டும் தூரம். ஃபாண்டன்ட் பூ செய்ய மாதக்கணக்கில் பழக வேண்டும். வழிசலுக்கு ஒரு கரண்டி போதும். சுழல் தட்டு இல்லாவிட்டால் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் எவர்சில்வர் தட்டு.

இரண்டாவது பலம், அது மன்னிக்கும் அலங்காரம். கிரீம் பூசுவதில் கடினமான இடம் மேல்விளிம்பு. பக்கச் சுவரும் மேல்தளமும் கூராகச் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் புதியவரின் கை நடுங்கியது தெரியும். வழிசல் அங்கேயே இறங்கி அதை மறைத்துவிடும். துளிகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. ஏற்ற இறக்கமே அழகு. சீர்மையை அளவுகோலாக வைத்த பழைய அலங்காரங்களில் தொடக்கக்காரர் தோற்றவராகவே நின்றார். இதில் முதல் நாளே ஒரு கேக் தேறிவிடும்.

மூன்றாவது, ஃபாண்டன்ட் தோல்போல் உரித்து எறியப்படாமல், வழிசல் தின்னப்படும் அலங்காரம். சரியான பொருளில் செய்தால், கேக்கிலேயே மிக ருசியான பகுதி அதுதான்.

வெயில் கேட்கும் கேள்வி

இனி குறைகள். முதல் குறை செய்முறையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் ‘கனாஷை அறையின் சூட்டுக்கு ஆறவிடுங்கள்’ என்கின்றன. அந்த அறை சிட்னியிலோ லண்டனிலோ இருக்கிறது. கத்திரி வெயிலில் பெண்ணாடத்து ஓட்டு வீட்டு அறை நாற்பது டிகிரியைத் தொட்டு நிற்கும்போது, கனாஷ் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் முப்பதுக்கு இறங்காது. குறிப்பை அப்படியே பின்பற்றியவருக்கு வழிசல் ஓடையாகிறது. தன் கைமேல் பழியைப் போட்டுக்கொள்கிறார். இங்கே ஆறவிடக் கூடாது, ஆற்ற வேண்டும்: பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, விடாமல் கிளறி, பதம் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஊற்றியதோடு முடியவில்லை. கொக்கோ வெண்ணெய் முப்பத்து நான்கு டிகிரி வாக்கில் உருகும். பாலிலிருந்து எடுத்த வெண்ணெயும் கிட்டத்தட்ட அப்படியே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின்மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். சாயம் போட்ட துளிகள் கரைந்து கோடு கோடாய் இறங்கும். இரண்டு சக்கர வண்டியில், மடியில் அட்டைப் பெட்டியோடு, திட்டக்குடிச் சாலையின் பள்ளங்களில் ஏறி இறங்கிப் போகும் கேக்குக்கு நேரும் கதியை விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போய்விட்டால் குளிர்பெட்டி வெறும் அலமாரி.

வீட்டில் கேக் செய்பவர்கள் இதற்குக் கண்ட விடை, காம்பவுண்ட் சாக்லேட்டும் பால் கலக்காத விப்பிங் கிரீமும். காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி ஆற்றுவதில் நுணுக்கம் வேண்டாம், விலையும் குறைவு. பால் கலக்காத கிரீமில் இருப்பது பெரும்பாலும் பதப்படுத்திய பனைக்கொட்டைக் கொழுப்பும் சர்க்கரையும். அடித்தால் மலைபோல் நிற்கும், வெயிலுக்குச் சீக்கிரம் சரியாது. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இருபத்தைந்து சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. ஆகவே இந்தத் தேர்வை ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பாதி தட்பவெப்பம், பாதி சந்தை. தாவரக் கொழுப்பு என்றாலே விஷம் என்று பயமுறுத்துவதும் சரியில்லை. எண்ணெய், கொழுப்பு சேர்ந்த உணவுகளில் டிரான்ஸ் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நாட்டில் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பக்கச் சுவருக்குப் பூசும் கிரீம் முந்நூறு கிராம் வரை போகும். அது வெயிலில் நின்றாக வேண்டும், அங்கே சமரசம் புரிகிறது. வழிசலோ நூறு கிராம். அதில் சாக்லேட் ஐம்பது, கிரீம் ஐம்பது. அடித்தால் நிற்காத அந்த ஃப்ரெஷ் கிரீம், கனாஷ் காய்ச்ச நன்றாகவே உதவும். ஐம்பது கிராம் உண்மையான சாக்லேட்டுக்கும் காம்பவுண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், கேக்கின்மேல் செருகும் பிளாஸ்டிக் ‘ஹேப்பி பர்த்டே’ பலகையின் விலையைவிடப் பெரிதாக இருக்காது. நேர்மை மிக மலிவாகக் கிடைக்கும் இடம் வழிசல்தான். அங்கேயே காம்பவுண்டை ஊற்றிவிடுவதுதான் இந்தக் கலையின் பெரிய சோம்பேறித்தனம். நாக்கில் கரையாமல் மெழுகாய் ஒட்டும் துளி, கேக்கின் மற்ற எல்லா உழைப்பையும் கீழே இழுத்துவிடுகிறது. மாலை விழாவுக்கு அதே தெருவில் போகும் கேக்குக்குக் கறுப்பு சாக்லேட் கனாஷ் தாராளமாகத் தாங்கும். தொலைதூரம் போவதற்கு மட்டும் காம்பவுண்டைக் கலந்துகொள்ளலாம். அதை வாங்குபவரிடம் சொல்லிவிடலாம்.

கண்ணுக்குப் போட்ட தீனி

இரண்டாவது குறை நிறம். கறுப்பு வழிசலோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. வெள்ளை சாக்லேட்டில் நீலமும் ஊதாவும் கலந்து, பையன் என்றால் ஒரு நிறம், பெண் என்றால் ஒரு நிறம் என்று இறங்குகிறது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. பொதுவாக அவை கிலோவுக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தராசு காட்டும் குறைந்தபட்ச அளவு ஒரு கிராம், அதாவது அந்த வரம்பைப் போல் பத்து மடங்கு. பொடி நிறத்தைக் கத்தி முனையில் எடுத்துப் போடும் கைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வழியே இல்லை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, வண்டிக்காரரை எல்லோரும் ஏசினோம். லேபிள் இல்லாத சாயப் புட்டி நம் வீட்டு அடுப்படி அலமாரியிலும் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு.

மூன்றாவது, தலைச்சுமை. வழிசலுக்குமேல் இப்போது பாக்கெட் பிஸ்கட், தங்கத்தாள் சாக்லேட், குச்சி மிட்டாய், தெர்மாகோல் உருண்டை, கம்பியில் செருகிய பட்டாம்பூச்சி என்று ஒரு பெட்டிக்கடையே ஏறிவிடுகிறது. செய்தவரின் கைத்திறன் கீழே போய், கடையில் வாங்கியவை மேலே வந்துவிட்டன. இதில் அழகியல் குறை மட்டும் இல்லை, ஆபத்தும் உண்டு. படத்தில் பார்த்த பூவுக்குப் பதிலாகத் தோட்டத்து அரளியைக் கிள்ளிச் செருகினால், அது முழுக்க நஞ்சுள்ள செடி. கடையில் வாங்கும் ரோஜா தின்பதற்காக வளர்த்ததில்லை. அதன்மேல் என்ன மருந்து அடித்தார்களோ. ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று எழுதிய மினுமினுப்புத் தூள் குழந்தையின் வாய்க்குத்தான் போகிறது.

சர்க்கரைக்கு வருவோம். ஒரு கிலோ கேக்கில் ஸ்பாஞ்சுக்கு நூற்றிருபது கிராம், நனைக்கும் பாகுக்கு முப்பது, கிரீமில் எழுபத்தைந்து, வழிசலில் முப்பது வரை என்று தோராயமாக வைத்தாலும் கால் கிலோவைத் தொடுகிறது. பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு இருபத்தைந்து கிராம், ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் அதற்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு அது. ஆனால் இதற்கு வழிசலைக் குற்றவாளியாக்குவது தவறு. முப்பது கிராமுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு, கிரீம் சுவரை உயரமாக எழுப்பச் சொல்லும் படத்தைப் பிடிக்க வேண்டும். உயரம் கூடினால்தான் துளி நீளமாக இறங்கும். துளி நீளமாக இறங்கினால்தான் படம் நன்றாக வரும். கேக்கின் உயரத்தைப் பசி தீர்மானிக்கவில்லை, கைபேசி தீர்மானிக்கிறது.

கணக்கில் வராத மணிகள்

ஒரு ட்ரிப் கேக்கின் நாளைப் பிரித்துப் பார்த்தால்: வேக முக்கால் மணி, ஆற இரண்டு மணி, அடுக்க முக்கால் மணி, முதல் பூச்சுக்குப்பின் குளிர அரைமணி, இரண்டாம் பூச்சு அரைமணி, மீண்டும் குளிர அரைமணி, வழிசலுக்கு அரைமணி, மேல் வேலைக்கு அரைமணி. ஆறு மணி நேரம். மாவு கலப்பதும் பாத்திரம் கழுவுவதும் சேர்ந்தால் கைவேலை மட்டும் மூன்று மணி நேரமாவது ஆகும். விலை சொல்லும்போது மைதா, முட்டை, சாக்லேட், அட்டை எல்லாம் கணக்கில் வரும். இந்த மூன்று மணி வராது. ‘வீட்டில சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே’ என்று வாங்குபவர் சொல்வார். பல வீடுகளில் செய்பவரே சொல்லிக்கொள்வார்.

இருந்தும், அந்தக் காசு பெண்ணின் கைக்கு நேராக வருகிறது என்பது சிறிய விஷயம் இல்லை. இறையூர் சர்க்கரை ஆலையும் கரும்புத் தோட்டங்களும் சேர்ந்து அடையாளம் கொடுத்த ஊர்ப்பக்கம் இது. கரும்பு வெட்டுக்கூலி, ஆலைச் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் எழுதப்பட்ட இடத்தில், அதே சர்க்கரையைக் கொண்டு ஒரு பெண் தன் பெயரில் ஒரு தொழில் வைத்துக்கொள்வது மாற்றம்தான். அதைத் தொழிலாக நடத்தினால் இன்னும் நல்லது. ஆண்டு விற்பனை பன்னிரண்டு லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கென உணவுப் பாதுகாப்புப் பதிவு ஏற்படுத்தப்பட்டது. அப்போது ஆண்டுக்கு நூறு ரூபாய்தான் அதன் கட்டணம். பதினான்கு இலக்க எண்ணைப் பெட்டிமேல் ஒட்டுவதும், உள்ளே என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதுவதும் விலையை உயர்த்திக் கேட்க ஒரு துணிவைத் தரும். முட்டையா எக்லெஸ்ஸா என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர், சாக்லேட்டா காம்பவுண்டா என்று கேட்கவும் ஒருநாள் கற்றுக்கொள்வார்.

நம் துளி எது

கடைசிக் குறை, ஒரே மாதிரி இருப்பது. சிட்னி, சென்னை, பெண்ணாடம் எங்கும் ஒரே துளி. தலச்சேரியில் 1883-இல் நடந்த கைமாற்றம் இங்கே இன்னும் நடக்கவில்லை. இத்தனைக்கும் விருத்தாசலம் வட்டாரம் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் பேர்போனது; அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் பல மாநிலங்களுக்குத் தெரியும். வறுத்த முந்திரியை விழுதாக அரைத்து வெள்ளைக் கனாஷில் சேர்த்தால் நிறப் புட்டிக்கு வேலை இல்லை. கருப்பட்டியைப் பாகாக்கி, கிரீம் சேர்த்து வற்றக் காய்ச்சினால் அதுவும் வழியும். கொழுப்பைப் போல் ஒரே சூட்டில் சட்டென்று உருகாது.

கருப்பட்டி என்றதும் ஆரோக்கியம் என்று விளம்பரம் எழுதிவிட வேண்டாம். அதுவும் சர்க்கரைதான்; பாகு குளிர்பெட்டியின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்; வாங்கும் கருப்பட்டி அசலா என்பது தனிக் கவலை. நான் சொல்ல வருவது ருசியைப் பற்றி. வழிசலுக்கு ஒரு சொந்த ருசி கிடைக்கும்வரை அது இரவல் படமாகவே இருக்கும்.

பெண்ணாடத்துப் பிரளயகாலேஸ்வரர் கோயிலைத் தேவாரம் தூங்கானை மாடம் என்று சொல்கிறது. படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் வளைந்த விமானம். முன்வாசலில் நின்று கும்பிட்டுத் திரும்புபவருக்கு அந்த யானை தெரியாது. சுற்றி வந்து பின்பக்கம் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ட்ரிப் கேக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சோதனைத் துளி விழுந்த பின்பக்கத்தைப் பார்த்தால் செய்தவரின் பதம் தெரியும். விருந்து முடிந்தபின் தட்டுகளைப் பார்த்தால் ருசி தெரியும். ஃபாண்டன்ட் காலத்தில் தட்டோரம் மிஞ்சியது அலங்காரம். வழிசல் கேக்கில் குழந்தைகள் துளியை முதலில் நக்கித் தின்றுவிட்டுக் கிரீமை ஒதுக்கியிருந்தால், அந்த அலங்காரம் தேறிவிட்டது. துளியும் மிஞ்சியிருந்தால், பீங்கான்காரர் சொன்னதுதான் சரி.